பதினைந்தாவது பிள்ளை

பள்ளிக்கூடம் விட்ட பிறகு பிள்ளைகளை இருத்தித் தமிழ் படிப்பிப்பது, வயிறு நிரம்பியவனைப் பந்திக்குக் கூப்பிடுகிற வேலை. இரண்டாயிரத்து மூன்றிலிருந்து மூன்று வருடம் மொன்றியலில் ஓர் ஆரம்பப் பள்ளியில் அதைச் செய்தேன். காலையில் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி தெரிந்தெடுத்துப் பெட்டியில் அடுக்குவேன். பின்னேரம் மூன்றரைக்குக் கையைக் கழுவிக்கொண்டு டீச்சர் ஆவேன். திருகோணமலையில் ஒன்பது வருடம் படிப்பித்தவளுக்கு இங்கே மிஞ்சியது அந்த ஒரு மணித்தியாலம்தான். அதற்கும் ஒரு நிபந்தனை இருந்தது: செப்டம்பரில் பதினைந்து பிள்ளைகளின் பெயர் சேராவிட்டால் வகுப்பு இல்லை. ஆள் பிடித்துப் பாடம் நடத்திய அனுபவம் உள்ளவர்களே, உங்களுக்கு இது புதிதில்லை. இருந்தாலும் சொல்லி ஆற்றிக்கொள்கிறேன்.

முதல் கையெழுத்து

முதல் வருடம் விண்ணப்பப் பாரக் கட்டோடு பள்ளி வாசலில் நின்றேன். யாழ்ப்பாணத்துத் தகப்பன் ஒருவர் அகப்பட்டார். தாய்மொழி என்றால் என்ன, அது போனால் பிள்ளைக்கு என்னென்ன போகும் என்று பத்து நிமிடம் பேசினேன். மனிதர் முழுவதும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். என் பேச்சில் எனக்கே ஒரு மதிப்பு வந்துவிட்டது.

பாரத்தைத் திருப்பித் தரும்போது சொன்னார்: “டீச்சர், எனக்கு வேலை முடிய நாலு மணியாகும். நீங்க தமிழ் படிப்பிச்சாலும் சரி, சும்மா இருத்தி வைச்சிருந்தாலும் சரி.”

பயறு

எனக்குத் தெரிந்த முறையில்தான் தொடங்கினேன். கரும்பலகை, உறுப்பெழுத்து, நாளுக்குப் பத்துச் சொல் சொல்வதெழுதல். மூன்றாம் நாள் ஒரு பொடியன் அழுதான். அதிபர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, இங்கே பிள்ளைகள் செய்து பார்த்துத்தான் படிப்பார்கள், மடாம், என்று மிக மரியாதையாகச் சொன்னார். மரியாதையாகச் சொன்னால் கூடுதலாகச் சுடும்.

சரி என்று ஆளுக்கொரு கோப்பையில் ஈரப்பஞ்சு வைத்துப் பயறு போடச் சொன்னேன். என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு வசனம் எழுத வேண்டும். இரண்டாம் கிழமை, “வேர் கீழே போகுது, அதுக்கு வழி தெரியும்” என்று தர்சினி எழுதினாள். மட்டக்களப்புக் குடும்பத்துப் பிள்ளை, எட்டு வயது. அந்தக் கொப்பியை வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு தரம் வாசித்தேன். சந்தோசம் அடுத்த வகுப்பு வரைதான் நிலைத்தது. வகுப்பில் இருந்த கவின் என்ற பொடியனின் தாய் வேறு மூன்று தாய்மாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் பெற்றோருக்குத் தலைவி மாதிரி அவர்தான். அவர் ஒரு சொல் சொன்னால் ஐந்து பிள்ளை சேரும், ஐந்து பிள்ளை வராமல் நிற்கும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அன்றைக்கு விளங்கியது.

“பயறு முளைக்கிறதைப் பார்க்கவோ டீச்சர் நாங்கள் கனடாவுக்கு வந்தனாங்கள்?” என்றார்.

முதல் பரிசு

மூன்றாம் வருடம் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் பேச்சுப்போட்டி. நடுவர் மூவரில் நானும் ஒருத்தி. தர்சினி தானே எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அப்பாவோடு சேர்ந்து காரில் பனி வழித்த கதை. இரண்டு இடத்தில் தடுமாறினாலும் ஒவ்வொரு சொல்லும் அவளுடையது. கவினுக்கு யாரோ எழுதிக் கொடுத்த பேச்சு. அதைப் பிரெஞ்சு எழுத்தில் தட்டெழுதி வீட்டில் பாடமாக்க வைத்திருந்தார்கள். தமிழே எங்கள் மூச்சு என்று அவன் கையை உயர்த்தி முழங்க, மண்டபமே கைதட்டியது. அவனுக்கு அதில் பாதி விளங்கவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அவன் தாய் முன்வரிசையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த செப்டம்பரை நினைத்துக் கவினுக்கே கூடுதல் புள்ளி போட்டேன். வகுப்பைக் காப்பாற்றத்தானே என்று எனக்குச் சமாதானம் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. சப்பாத்துப் போடுகிற இடத்தில் தர்சினி என் கையைப் பிடித்தாள்.

“மடாம், நான் எழுதினதில எது பிழை?”

கடைசிப் பாரம்

அடுத்த செப்டம்பரில் பதினான்கு பெயர். வெள்ளிக்கிழமை நாலு மணியோடு முடிவு. மிச்சம் இருந்தது கவின்தான். வாசலில் தாயைப் பிடித்தேன். ஒவ்வொரு வருடமும் கலைவிழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தியவர்.

“கவினுக்கு இந்த முறை தனியார் கொலேஜில ஏழாம் வகுப்புக்கு எடுக்கிற சோதினை, டீச்சர். இந்த நேரம் பிரெஞ்சு ரியூசன்,” என்றார். நான் விடவில்லை. மொழி, இனம், நாளைய தலைமுறை எல்லாவற்றையும் இழுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உங்கட மகளும் அந்த ரியூசனுக்குத்தானே வாறா? அவவின்ர பேரை எழுதுங்கோவன்,” என்றார்.

உண்மை. என் மகளும் அதே பள்ளியில் ஆறாம் வகுப்பு, அதே சோதினை, அதே ரியூசன். அவளை ஒரு வருடமும் என் வகுப்பில் சேர்க்கவில்லை. வீட்டில் படிப்பிக்கலாம் என்று நினைத்து நினைத்தே வருடங்கள் போய்விட்டன. பாரமும் பேனையும் கையில் இருந்தன. எழுத அரை நிமிடம் போதும். அவள் பிரெஞ்சுக் கட்டுரையில் ரியூசன்காரர் போட்ட சிவப்புக் கோடுகள் கண்ணுக்குள் வந்தன. எழுதவில்லை.

அலுவலகப் பெண் பெயர்களை இரண்டு தரம் எண்ணினார். முகத்தில் உண்மையான கவலையோடு பிரெஞ்சில் கேட்டார்: “ஒரேயொரு பிள்ளை, மடாம். உங்களுக்குத் தெரிந்த ஒருவருமே இல்லையா?”

தமிழ் கட்டாயம் வாழ வேண்டும், அதை அடுத்த வீட்டுப் பிள்ளை படித்து வாழவைக்க வேண்டும் என்பதில் எங்கள் சனத்துக்குள், என்னையும் சேர்த்துத்தான், ஒருநாளும் கருத்து வேறுபாடு வந்ததில்லை.