கறுப்புத் திரைக்காரி

வளையல்களைக் கழற்றி மேசையில் வைத்தாள் கலையரசி. விரல்களைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். "தள்ளி நில்லுங்க சார், மூச்சு மேல படுது."

லாஸ்பேட்டையில் ஒரு மாடி அலுவலகம். கல்லூரிகளுக்கு இணையத்தில் விண்ணப்பம் வாங்கும் சர்வரைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. சர்வர் இருப்பது எங்கோ மும்பையில். அங்கே போக அவளுக்குப் படமும் வேண்டாம், பொத்தானும் வேண்டாம். கறுப்புத் திரையில் வெள்ளையாய் ஒரு வரி போதும். மவுஸைத் தொட்டு ஆறு வருடமாகிறது. அது இழுப்பறையில் வாலைச் சுருட்டிக்கொண்டு தூங்குகிறது. கீபோர்டில் காய்ந்த மிளகாயைப் பரப்பிவிட்டு இவளைத் தட்டச் சொன்னால், நிமிடத்தில் தூளாக அள்ளிக்கொள்ளலாம் என்று மேலாளர் செம்மல் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். சொல்லிச் சொல்லி அவரே பாதி நம்பிவிட்டார்.

இன்று நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்க மாலை ஐந்து மணி கடைசி. நாலுக்கு சர்வர் உறைந்துவிட்டது. காலாப்பட்டிலிருந்து மீன் விற்கிற ஜெயம் மகளுக்காக மூன்றாம் முறையாகக் கூப்பிட்டுவிட்டார். "அந்த வட்டம் சுத்திகினே இருக்குதும்மா. இந்த வருஷம் உட்டுட்டா இவ அப்பா படிக்க உடமாட்டாரு."

கலையரசி டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் செம்மல் தாமே உள்ளே நுழையப் பார்த்து, பாஸ்வேர்டை இரண்டு முறை தவறவிட்டிருந்தார். மூன்றாவதும் தவறினால் ஒரு மணி நேரம் கதவு திறக்காது. சர்வர் பேசுவதும் இந்த ஒரு கம்ப்யூட்டரோடுதான்.

"பாத்துத்தாம்மா அடிச்சேன்."

"எதப் பாத்தீங்க? பாஸ்வேர்டு அடிச்சா இது ஒரு புள்ளிகூடக் காட்டாதே."

தட்டப்போன கை அந்தரத்தில் நின்றது. "இதுக்கு முன்னாடி இன்னா அடிச்சீங்க?"

"எல்லாருக்கும் மெயில். சர்வர் படுத்துடுச்சின்னு."

"பெரிய எழுத்துலியா?"

அவசரம் என்றால் செம்மலுக்கு ஆங்கிலம் பெரிய எழுத்தில்தான் வரும். சின்ன எழுத்தில் கூப்பிட்டால் ஒருவரும் ஓடிவரமாட்டார்கள் என்பது அவர் தீர்மானம். கலையரசி வெறும் வரியில் நாலு எழுத்துத் தட்டினாள். நாலும் பெரிதாய் விழுந்தன. அந்த கீபோர்டில் கேப்ஸ் லாக் விளக்கு எந்தக் காலத்திலோ செத்துப்போயிருந்தது.

கேப்ஸ் லாக் விசையை ஒரு தட்டு. நாலு எழுத்தையும் அழித்தாள். பார்வையைச் சுவரில் வைத்தபடி, ஒன்றும் காட்டாத திரையில் பதினாறு எழுத்தைக் கொட்டி முடித்தாள். பதில் வருவதற்குள் பாகூர் ஏரி ஒருமுறை நிரம்பி வடிந்துவிட்டதாகச் செம்மலுக்குத் தோன்றியது.

உள்ளே போய்விட்டாள். போனதும் முதலில் அதன் பெயரைக் கேட்டாள். இதே முகத்தோடு சோதனைக்கென்று இன்னொரு சர்வர் உண்டு. இதுதான் என்று உறுதியானதும் நிறுத்தினாள், மறுபடி கிளப்பினாள். திரையில் வரிகள் ஐப்பசி மழையாய் இறங்கின. அத்தனையையும் அவள் படித்துக்கொண்டிருந்தாள் என்று செம்மல் சத்தியம் செய்யத் தயார்.

நாலு முப்பத்தெட்டுக்குப் போன் அடித்தது. "போயிடுச்சிம்மா, நம்பர் வந்துடுச்சி. நீ எந்த ஊரு பொண்ணு?"

"உங்களுக்கு அடுத்த குப்பந்தாம்மா."

கையெடுத்துக் கும்பிடலாமா, அது அலுவலகத்தில் சரியாக இருக்குமா என்று செம்மல் நின்றுகொண்டிருந்தார். கலையரசி தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி, கீபோர்டிலிருந்து கேப்ஸ் லாக் விசையை நெம்பி எடுத்து, அவர் சட்டைப் பையில் போட்டாள்.