பட்டு வீட்டு மாடியில் பூச்சி

காஞ்சிபுரத்தில் "கேம் கம்பெனிக்கு ரூம் வேணும்" என்று கேட்டுப் பாருங்கள், தெரியும். கதவைத் திறந்தவர்கள் எல்லாரும் நாங்கள் ஆன்லைன் ரம்மி நடத்தப் போகிறோம் என்றே நினைத்தார்கள். ஒருவர் மட்டும் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பசங்க விளையாடுற கேம்தானே? சத்தம் போடாம இருங்கப்பா" என்று மாடி அறைச் சாவியைக் கொடுத்தார். கீழே அவருக்குப் பட்டுப் புடவை வியாபாரம். கூடத்தில் பாய் விரித்திருக்கும், கல்யாண வீட்டார் வந்து உட்கார்ந்து புடவை எடுப்பார்கள். மேலே நாங்கள் மூன்று பேர்: நிரல் எழுத நான், படம் வரைய என் கல்லூரித் தோழி, சத்தம் சேர்க்க எங்களோடு படித்த ஒருவன்.

முதல் விளையாட்டு விண்வெளிச் சண்டை. எங்கள் சொந்தக்காரர்களைத் தவிர யாரும் வாங்கவில்லை. அவர்களும் விளையாடவில்லை. எனக்கு வந்த கோபத்தில், விண்வெளியை நம்மில் யார் பார்த்தோம், தெரிந்த தெருவைச் செய்து தொலைப்போம் என்று கத்தினேன். அப்படிப் பிறந்ததுதான் ஷேர் ஆட்டோ விளையாட்டு. ஊரில் திருவிழா, தெருவுக்குத் தெரு சாமி புறப்பாடு. அதற்கிடையே ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு, பஸ் கிளம்புவதற்குள் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட வேண்டும். சொல்லச் சுலபம். செய்யும்போது ஆட்டோ சுவருக்குள் நுழைந்தது, மாடு கோபுரத்தின் மேல் நடந்தது. இந்தக் கோளாறுகளை எங்கள் தொழிலில் 'பக்' என்பார்கள். தோழி வேடிக்கைக்காகப் 'பூச்சி' என்றாள், அதுவே ஒட்டிக்கொண்டது. பட்டு விற்கிற வீட்டு மாடியில் அந்தச் சொல்லைச் சொல்லலாமா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

விளையாட்டை வெளியிடக் கொஞ்ச நாளே இருந்தது. ஒரு நாள் காலை தோழி மாடிப்படியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். "நேத்து அடிச்ச பூச்சி திரும்ப வந்துடுச்சு. உள்ள இன்னும் நெறைய இருக்குது." அடுத்த நிமிடம் வீட்டுக்காரர் அந்துருண்டைப் பொட்டலத்தோடு ஏறி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"இன்னாம்மா, எத்தினி நாளா பூச்சி இருக்குது? கீழ அவ்ளோ பட்டு வச்சிக்கினு இருக்கேன், ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா? இந்த மாசத்தோட காலி பண்ணிடுங்க."

எனக்குச் சிரிப்பே வரவில்லை. ரம்மிக்காரர்கள் என்று பெயர் வாங்கிய எங்களுக்கு இந்த ஊரில் வேறு யார் இடம் கொடுப்பார்கள்? கம்பெனியை மூடிவிட்டுச் சென்னைக்கு வேலை தேடிப் போக வேண்டியதுதான். எங்கள் வீடுகளில் அதற்குத்தான் காத்திருந்தார்கள்.

"அண்ணா, அது நெஜப் பூச்சி இல்ல" என்றேன்.

"அப்ப பொய்ப் பூச்சியா?" அவர் இன்னும் சூடானார்.

பேசிப் பயனில்லை என்று அவரை நாற்காலியில் உட்கார வைத்து, கையில் கன்ட்ரோலரைத் திணித்தேன். "நீங்களே ஓட்டிப் பாருங்கண்ணா. எங்கயாவது தப்பா நடந்தா அதுதான் பூச்சி."

வேண்டாவெறுப்பாக ஓட்டினார். பழக்கடை ஒன்றைச் சாய்த்தார், மின் கம்பத்தில் முட்டினார், பிறகு கை பழகிவிட்டது. ஒரு திருப்பத்தில் சாமி எதிரே வந்தது. விளையாட்டைச் சோதித்துப் பார்த்த எங்கள் சென்னை நண்பர்கள் எல்லாரும் அந்த இடத்தில் ஹாரன் அடித்து, பக்கத்துச் சந்தில் புகுந்து ஓடியிருந்தார்கள். இவர் ஆட்டோவை ஓரங்கட்டி நிறுத்தினார். கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுக் கை கூப்பினார்.

சாமி நகரவில்லை. எதிரே வண்டி நின்றால் பல்லக்கும் நிற்க வேண்டும் என்று நான்தான் எழுதியிருந்தேன். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் யாரும் வேண்டுமென்றே நிறுத்துவார்கள் என்று நினைக்கவில்லை. ஆட்டோவும் சாமியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. மேளம் மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா இது? சாமி எனக்காக நிக்குது?"

"அதாண்ணா பூச்சி!" என்றோம் மூன்று பேரும்.

அவர் சிரித்த சிரிப்பில் அவருடைய மனைவியே என்னவோ ஏதோவென்று மேலே வந்துவிட்டார். எனக்கு அப்படியொரு சந்தோஷம். அன்றே மாற்றி எழுதினேன். இப்போது வண்டியை நிறுத்திக் காத்திருந்தால் சாமி கடந்து போகும், யாரோ ஒருவர் ஆட்டோவுக்குள் ஒரு தொன்னைப் புளியோதரையை நீட்டுவார், பஸ்ஸும் கொஞ்சம் தாமதமாகக் கிளம்பும். விளையாடியவர்கள் இந்தப் புளியோதரையைப் பற்றித்தான் ஊர் ஊராகச் சொன்னார்கள். விளையாட்டு ஓடியது.

காலி பண்ணச் சொன்னதை வீட்டுக்காரர் அன்றே மறந்துவிட்டார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "பூச்சின்னு மட்டும் சொல்லாதீங்கப்பா, கேட்டாலே பட்டெல்லாம் பிரிச்சிப் பாக்கத் தோணுது. தறியில சொல்ற மாதிரி இழை அறுந்துடுச்சுன்னு சொல்லுங்க." நன்றாகத்தான் இருந்தது. அப்படியே சொல்லிப் பழகினோம்.

அடுத்த விளையாட்டை முடிக்கிற நேரம். கீழே ஒரு பெண் வீட்டார் முகூர்த்தப் புடவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் சத்தக்காரன் படியில் நின்றபடி மேலே பார்த்துக் கத்தினான். "ஏகப்பட்ட எடத்துல இழை அறுந்து கெடக்குது! வெளிய தெரியாம மூடி அனுப்பிடலாமா?"

பாயில் இருந்தவர்கள் கையிலிருந்த புடவையை அப்படியே கீழே வைத்துவிட்டார்களாம்.

சாயங்காலம் வீட்டுக்காரர் மேலே வந்தார். இந்த முறை காலிதான் என்று நான் ஒயரைக் கழற்றவே ஆரம்பித்துவிட்டேன். அவர் ஒரு சாவியை மேசையில் வைத்தார். "எல்லாப் புடவையும் வெளிச்சத்துல விரிச்சிக் காட்டின அப்புறம்தான் நம்பினாங்க. பின்னாடி பெரிய ரூம் சும்மாதான் கெடக்குது, அங்க போய் உக்காருங்க. பூச்சின்னு சொல்லுங்க, பாம்புன்னு சொல்லுங்க, எனக்குக் கேக்காது."

அந்தப் பெரிய அறையில்தான் இன்று ஒன்பது பேர் வேலை செய்கிறோம். என்ன திட்டம் போட்டு வளர்ந்தீர்கள் என்று கேட்டு வருகிறவர்களிடம் தோழி ஏதேதோ பெரிய வார்த்தைகளாகச் சொல்கிறாள். என்னைக் கேட்டால், வீட்டுக்காரர் காதில் விழாத தூரத்துக்கு வளர்ந்தோம், அவ்வளவுதான்.