வாணியம்பாடிக்கு முன்னால் மூன்றாவது கியர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவி சுமதியும் வேலூரிலிருந்து ஆலங்காயம் போனோம். ஒரு வழி 85 கிலோமீட்டர். அங்கே அவளுடைய அக்கா வீடு இருக்கிறது. ஆனால் அக்காவைப் பார்ப்பதெல்லாம் சாக்கு. அன்றைக்கு என் 1984 மாடல் புல்லட்டுக்குப் பரீட்சை.

வண்டிக்கு ஒரு வியாதி. மூன்றாவது கியரில் போகும்போது ஆக்ஸிலேட்டரை விட்டால், கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். மூன்று மெக்கானிக்குகளிடம் காட்டினேன். ஒருவர் கிளட்ச் என்றார். இன்னொருவர் பல்சக்கரம் தேய்ந்துவிட்டது, பன்னிரண்டாயிரம் ஆகும் என்றார். மூன்றாமவர் வண்டியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வித்துடுங்க சார்" என்றார். சுமதிக்கு அவரை மட்டும்தான் பிடித்தது.

அவளைக் குறை சொல்ல முடியாது. காட்பாடி பாலத்தில் பின்னால் லாரி வரும்போது ஒருமுறை இப்படிக் கழன்றது.  வீடு வந்து சேர்ந்ததும் ஒரு நிபந்தனை போட்டாள். வாணியம்பாடியில் இந்த வண்டியை வாங்கிக்கொள்ள ஒருவர் தயாராக இருந்தார். அதுவரை 67 கிலோமீட்டரில் ஒரே ஒரு தடவை கியர் கழன்றாலும் வண்டி அவருக்கு, நாங்கள் பஸ்ஸில் ஆலங்காயம். கழலாவிட்டால் வண்டி எனக்கு. பதினொரு வருஷம் என்னோடு இருக்கும் வண்டி. இருந்தாலும் சரி என்றேன்.

காலை 6:50-க்குக் கிளம்பினோம். 7:35-க்குப் பள்ளிகொண்டாவில் டீ, இரண்டுக்கும் சேர்த்து 30 ரூபாய். (டோல்கேட்டில் பைக்குக்குக் கட்டணம் இல்லை.) அதுவரை மூன்றாவது கியரில் ஓட்டாமலே சமாளித்துவிட்டேன். "இன்னா, திருட்டுத்தனமா?" என்று பின்னாலிருந்து கேட்டாள் சுமதி. ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசராகப் பதினாறு வருஷம் இருப்பவளிடம் எதையும் மறைக்க முடியாது.

மாதனூர் தாண்டி, முன்னால் தோல் மூட்டை ஏற்றிப்போன ஒரு லாரி திடீரென்று வேகம் குறைத்தது. வேறு வழியில்லை. மூன்றாவதுக்கு இறக்கி ஆக்ஸிலேட்டரை விட்டேன். டக். எஞ்சின் சும்மா உறும, வண்டி உருண்டுபோய் ஓரமாக நின்றது.

சுமதி இறங்கி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "வாணியம்பாடிக்கே போலாங்க" என்றாள். குரலில் ஜெயித்த சந்தோஷம்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆம்பூரில் அன்வர் பாய் என்ற ஒருவரிடம் மட்டும் காட்டிவிடலாம் என்று கெஞ்சினேன். என்ன கோளாறு என்றே தெரியாமல் வாங்குகிறவர் தலையில் கட்டுவது தப்பில்லையா? அந்த நியாயம் அவளுக்குப் பிடித்தது. "காரணம் தெரிஞ்சிக்கிறதுக்கு மட்டும்" என்று ஏறி உட்கார்ந்தாள்.

அன்வர் பாய் தோல் பதனிடும் தொழிற்சாலையில் ஃபிட்டர். தோல் ஊறும் பெரிய மர டிரம்களைச் சுழற்றும் கியர்கள் அவர் பொறுப்பு. ஞாயிறு மட்டும் வீட்டுப் பக்கத்து ஷெட்டில் பழைய பைக் பார்ப்பார். நாங்கள் போனபோது மணி 8:40. மற்ற மூவரும் பதில் சொன்னார்கள், இவர் கேள்வி கேட்டார். எல்லாக் கியரும் கழலுதா, மூணாவது மட்டுமா? இழுக்கும்போதா, விடும்போதா? எப்போலேர்ந்து?

"நாலு மாசமா பாய். ஆயில் கசிவை நிறுத்துற வரைக்கும் வண்டி நல்லாத்தான் இருந்துச்சு, அப்புறம்தான்…" என்றேன். பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கிளட்ச் கேபிளை ஆட்டிப் பார்த்தார், சரியாக இருந்தது. கியர்பாக்ஸ் ஆயிலைக் கொஞ்சம் வடித்து, இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து, காந்தத்தில் தடவினார். ஒரு துகள்கூட ஒட்டவில்லை. "பல்லு தேயல சார். தேஞ்சிருந்தா ஆயில் மின்னும். பன்னெண்டாயிரம் மிச்சம்" என்றார். அடுத்து கியர்பாக்ஸ் தண்டின் முனையைப் பிடித்து உள்ளே தள்ளி வெளியே இழுத்தார். டக், டக் என்று ஆடியது. "இது ஜாஸ்தி ஆடுது" என்று சொல்லிவிட்டு மூடியைக் கழற்ற ஆரம்பித்தார்.

மூடிக்கும் பெட்டிக்கும் நடுவிலிருந்து எதையோ உரித்தெடுத்து வெளிச்சத்தில் காட்டினார். தோலில் வெட்டிய கேஸ்கெட், ஆயில் கசியாமலிருக்க நடுவில் வைக்கும் பட்டை. ஓரம் பிசிறில்லை. போல்ட் ஓட்டைகள் அச்சடித்த மாதிரி வட்டம்.

"மாஷா அல்லா, இன்னா கை சார் இது! யாரு வெட்டுனது?"

எனக்குப் பளிச்சென்று உறைத்தது. நாலு மாதம் முன்பு கசிவைப் பார்க்க மூடியைத் திறந்தபோது காகித கேஸ்கெட் கிழிந்துவிட்டது. அன்றைக்குக் கடை லீவு. சுமதிதான் பையிலிருந்து ஒரு துண்டுத் தோலை எடுத்து, சாப்பாட்டு மேஜையில் வைத்து அரை மணி நேரத்தில் வெட்டிக் கொடுத்தாள். எங்கள் ஊர்ப்பக்கம் எது கிழிந்தாலும் தோலால் அடைப்பதுதானே பழக்கம். ஒரு சொட்டு கசியவில்லை. தெருவெல்லாம் பெருமையடித்தேன். கியர் கழல ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான்.

"நான்தான் பாய்" என்றேன்.

பாய் என் கையைப் பார்த்தார். "சும்மா இரு சார். இது ஷூ கம்பெனி கட்டர் வேலை."

"நான் வெட்டுனதுண்ணா" என்றாள் சுமதி, முகமெல்லாம் பூரிப்பாக. "ஏன்?"

பாய்க்குத் தர்மசங்கடம். மெதுவாகத்தான் சொன்னார். "வேலை சூப்பர்மா. ஆனா தடிமன் ஜாஸ்தி. மூடி வெளிய தள்ளி நிக்குது, தண்டு ஆடுது, மூணாவது முழுசா மாட்டல. அதான் கழலுது."

அவள் ஹேண்ட்பேக்கில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, தோல் தடிமன் அளக்கும் கேஜ் இருக்கும். எடுத்து அளந்தாள். 1.4 மில்லிமீட்டர். பாயின் கேஸ்கெட் காகிதம் 0.4. ரொம்ப நேரம் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என் லைன்ல இதை ரிஜெக்ட் பண்ணிருப்பேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது. "பாலத்துல அன்னைக்கு… நானே பண்ணி வச்சிட்டு வண்டிய திட்டிட்டிருந்தேன்."

"மூடியை மாட்டினது நான்தானே" என்றேன். அது உண்மையும்கூட.

பாய் காகிதத்தை மூடியின்மேல் வைத்து, விளிம்போரம் சுத்தியால் தட்டி வெட்டப் போனார். "வேணாம், எனக்கு ஒரு கத்தி குடுங்கண்ணா" என்று வாங்கிக்கொண்டாள். பத்து நிமிஷத்தில் வெட்டி, அளந்து, மறுபடி அளந்து கொடுத்தாள். எல்லாம் மாட்டி முடிக்க 11:15. கூலி, ஆயிலோடு 650 ரூபாய்.

வாணியம்பாடியில் வண்டிக்காகக் காத்திருந்தவரிடம் சுமதியே இறங்கிப் போய்ப் பேசினாள். என்ன சொன்னாளோ, மனிதர் சிரித்துக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினார். "நிபந்தனை?" என்று கேட்டேன். "அது வண்டிக்குப் போட்டது. கேஸ்கெட்டுக்கு இல்ல" என்றாள்.

ஆலங்காயம் சாலை 18 கிலோமீட்டர். ஒவ்வொரு இறக்கத்திலும் பின்னாலிருந்து "மூணாவது போட்டு ஆக்ஸிலேட்டர விடுங்க" என்று உத்தரவு வந்தது. எண்ணினேன், இருபத்திரண்டு தடவை. ஒருமுறைகூடக் கழலவில்லை. அக்கா வீட்டு வாசலில் இறங்கியதும் பெட்ரோல் டேங்கை லேசாகத் தட்டிக் கொடுத்தாள். பதினொரு வருஷத்தில் முதல் தடவை.

பழைய வண்டியில் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: ஏழு மணிக்குள் கிளம்பிவிடுங்கள், பத்துக்கு மேல் நெடுஞ்சாலையில் லாரி அதிகம். ஆம்பூரில் பிரியாணி சாப்பிடுவதானால் பன்னிரண்டுக்கு முன் போங்கள். கியர் கழன்றால் உடனே பல்சக்கரத்துக்குக் காசு எடுத்து வைக்காதீர்கள். முதலில் ஆயிலைப் பாருங்கள், தண்டை ஆட்டிப் பாருங்கள், கடைசியாக அந்தப் பெட்டியைத் திறந்தது யார் என்று யோசியுங்கள். யார் என்று தெரிந்துவிட்டால் சட்டென்று சொல்லிவிட வேண்டாம். அவர் பின் சீட்டில் உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.