கண்ணாடியில் ஒரு கையெழுத்து

மூடிப்போன தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் ஃப்ளோராவின் வீட்டுக்குப் பின்னால், பழைய சுரங்க மண்மேட்டைத் தாங்கி நிற்கும் கல்சுவரில் விரல் நுழைகிற அளவு விரிசல். மூன்று மனு கொடுத்தாள். நான்காவதற்கு வந்த அரசாங்க இன்ஜினியர் விரிசலில் சிமெண்டைப் பூசச் சொல்லிவிட்டு, "இனிமே அசையாதும்மா, பயப்படாதீங்க" என்றார்.

ஃப்ளோராவுக்குப் பயமில்லை, கோபம்தான். சுரங்கம் ஓடிய காலத்தில் பாறை விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடிப் பட்டை ஒட்டுவார்கள். பாறை இம்மி நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். மூன்று தலைமுறை சுரங்கக் குழியான ஷாஃப்டில் இறங்கிய குடும்பத்துக்கு இதுகூடத் தெரியாதா? தன் கல்யாணப் படத்தின் கண்ணாடியைக் கழற்றிப் பட்டையாக அறுத்து, பூச்சுக்குக் குறுக்கே இரு முனையிலும் சிமெண்ட் வைத்து ஒட்டினாள்.

மறுவாரம் பூச்சைப் பார்க்க வந்த இன்ஜினியருக்கு முகம் சிவந்தது.

"கவர்மென்ட் சுவத்துல யாரைக் கேட்டு ஒட்டுனீங்க?"

"அசையாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? அப்ப இதுமேல கையெழுத்துப் போடுங்க."

தெருவே வேடிக்கை பார்த்தது. வேறு வழியில்லாமல் மார்க்கர் பேனாவால் போட்டார்.

இரண்டு நாள் மழை பெய்தது. கையெழுத்தின் நடுவாகவே கண்ணாடி பிளந்தது. ஃப்ளோரா போன் போட்டு அவரை வரவழைத்தாள். ஜீப்பை விட்டு இறங்காமலே, "கண்ணாடி வெயில்ல வெடிச்சிருக்கும். சுவர் நல்லாத்தான் இருக்குது" என்றார்.

ஃப்ளோரா போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"இன்னா சார், அங்கருந்தே சொல்றீங்க? இங்க என் பக்கத்துல வந்து நின்னு சொல்லுங்க."

இன்ஜினியர் இறங்கவில்லை.