முன்கூட்டியே அச்சடித்த பட்டம்

சிதம்பரத்தில் ஆறு வருடம் நான் செய்த ஆராய்ச்சி, கடல் எல்லைக்காக மல்லுக்கட்டும் நாடுகளைப் பற்றியது. முதுநகரில் எங்கள் தெருவுக்கு அது புரியவில்லை. "இன்னும் படிச்சிக்கினேதான் இருக்கானா?" என்று அம்மாவிடம் விசாரிப்பார்கள். கீரப்பாளையத்தில் உரக்கடை வைத்திருந்த தாய்மாமனுக்கும் புரியவில்லை. ஆனால் அவருடைய நிபந்தனை தெளிவாக இருந்தது. "டாக்டர் பட்டம் வாங்கிக்கினு வா மாப்ள, பொண்ணு குடுக்கறேன்." அவர் மகளும் நானும் அதற்காகவே காத்துக் கிடந்தோம். பிடிவாதத்தில் மாமாவோடு ஒப்பிட்டால் நான் படித்த நாடுகள் எவ்வளவோ தேவலை.

2009இல் வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தார்கள். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். வழக்கமாக யாரும் வர மாட்டார்கள். மாமா வந்தார். வேன் நிறைய உறவினர்களோடு வந்தார். வெளியூர்த் தேர்வாளர் டீயை வாயில் வைப்பதற்குள், வெற்றிலை பாக்குத் தட்டில் கல்யாணப் பத்திரிகையை வைத்து நீட்டினார்.

"ஐயா குடும்பத்தோட கட்டாயம் வந்துடணும்."

பெரிய மனிதர் ஒருவரை நேரில் பார்த்த பிறகும் பத்திரிகை வைக்காமல் விட்டால் மாமாவுக்குச் சோறு இறங்காது. தேர்வாளர் பிரித்துப் படித்தார். என் பெயருக்கு முன்னால் தங்க நிறத்தில் 'முனைவர்' என்று இருந்தது. என் நெறியாளர் மின்விசிறியைப் பார்த்தார். மாமா மேல் வந்த கோபத்தில், எனக்கு ஆய்வேட்டின் தலைப்பே மறந்துவிட்டது.

தேர்வாளர் பத்திரிகையை மடித்து ஆய்வேட்டின் மேல் வைத்தார். "சில நாடுகள் பேச்சுவார்த்தைக்கு முன்னாடியே வரைபடத்தை அச்சடிச்சிட்டு வந்து உட்காரும்னு மூணாவது இயல்ல எழுதியிருக்கீங்க. எதிர்த்தரப்பு என்ன பண்ணும்?"

"பெரும்பாலும் கோபப்படும் சார்."

"இல்லன்னா?"

"சில சமயம் ஒத்துக்கும் சார்."

முதலில் சிரித்தவர் அவர்தான். பிறகு ஒன்றரை மணி நேரம் என்னைப் பிழிந்து எடுத்துவிட்டுத்தான் பட்டத்துக்குப் பரிந்துரைத்தார்.

வெளியே வந்ததும் மாமாவைப் பிடித்துக்கொண்டேன். "ஃபெயிலாயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க மாமா?"

அவர் வேன் சீட்டுக்கு அடியிலிருந்து இன்னொரு பத்திரிகைக் கட்டை இழுத்துப் பிரித்தார். அதே தேதி, அதே மண்டபம், அதே பெண். என் பெயருக்கு முன்னால் 'முனைவர்' மட்டும் இல்லை.

மாமா கட்டைத் திரும்பவும் சீட்டுக்கு அடியில் தள்ளினார்.

"இத முன்னாடியே சொல்லியிருந்தா நீ படிச்சிருக்க மாட்ட" என்றார்.