வெயிலில் முகம் பார்த்த பரீதா

செய்தி வந்தபோது நான் திருமுடிவாக்கத்தில், நாங்கள் கிரீம் தயாரிக்கும் யூனிட்டின் கலவை அறையில், கை முழுக்கப் பவுண்டேஷன் கிரீமோடு நின்றிருந்தேன். போனில் பரீதாவின் மகள் ஆயிஷா. "ஆன்ட்டி, அம்மா போய்ட்டாங்க" என்றாள். பரீதா ஒரு வாரமாக மருத்துவமனையில் இருந்தவள்தான். ஆனாலும் முந்தின நாள் சாயங்காலம்கூட, "புது பேட்ச் என்னாச்சு? வெயில்ல பார்க்காம அனுப்பிடாத" என்று என்னை அதட்டினாள். அப்படி அதட்டுகிறவள் மறுநாள் போய்விடுவாள் என்று யார் நினைப்பார்கள்? எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அழுகை, கிழக்குத் தாம்பரத்தில் அவள் வீட்டுப் படியேறும்போதுதான் வந்தது.

உங்களில் பலருக்கு அவளை டிவி சீரியலின் மூத்த அண்ணியாகத் தெரியும். சிலருக்கு எங்கள் கிரீம் டப்பாவின் மேல் இருக்கும் பெயராகத் தெரியும். எனக்கு அவளைப் புடவைக்கடை மாடலாக இருந்த நாளிலிருந்தே தெரியும். நான் மேக்கப் போடுகிறவள், அவள் முகத்தைக் காட்டுகிறவள். இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஏறக்குறைய ஒரே நிறம். மாநிறத்துக்கும் ஒரு படி கீழே என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

அந்த நாளில் கடைக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே உத்தரவுதான்: வெளுக்க வை. நானும் வெளுக்க வைத்தேன், சோறு வேண்டுமே. ஒருமுறை தாம்பரம் பஸ் ஸ்டாண்டு எதிரே அவள் படம் பெரிய பேனராக ஏறியது. பார்க்கட்டும் என்று அவள் அம்மாவை அழைத்துப் போனோம். அந்த அம்மா பேனருக்கு நேர் கீழே நின்று, நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "உன் போட்டோ எங்கம்மா?" என்று கேட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பரீதா சிரிக்கவில்லை.

சீரியல் வாய்ப்பு வந்ததும் முதல் நாளே டைரக்டரிடம் போய், "சார், என் கலர்லயே நடிக்கிறேன்" என்றாள். அவர், "டல்லா தெரியுமேம்மா" என்றார். "வில்லி தானே சார், டல்லாவே இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். மனுஷர் ஒத்துக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் நாலைந்து பிராண்டுகளைக் கலந்து, அவள் நிறத்துக்கு ஒரு பவுண்டேஷன் தயார் செய்தோம். மார்க்கெட்டில் பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பொண்ண ஏன் அப்படிக் கொடுமைப்படுத்தற?" என்று திட்டுவார்கள். அவளுக்கு அது தேன் குடித்த மாதிரி இருக்கும். திட்டி முடித்தவர்களே பிறகு குரலைத் தாழ்த்தி, "மூஞ்சிக்கு இன்னா போடற?" என்று கேட்பார்கள். எங்கள் தொழில் அந்தக் கேள்வியிலிருந்துதான் ஆரம்பித்தது.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். முதல் பேட்சை நான்தான் பார்த்து "ஓகே" சொன்னேன். மேக்கப் கண்ணாடியின் பல்புகளுக்கு முன்னால் உட்கார வைத்து, அவள் முகத்தில் பூசிப் பார்த்தேன். பிரமாதமாக இருந்தது. பல்லாவரத்திலிருந்து பள்ளிக்கரணை வரை பார்லர்களுக்கு அனுப்பிவிட்டோம். மறுநாள் அவள் அதையே பூசிக்கொண்டு, ராணி மாதிரி என்னோடு தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் நடந்து வந்தாள். காலை பதினோரு மணி வெயில். வழக்கமாகப் பூ வாங்கும் தனம் அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்து, "இன்னாம்மா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா? மூஞ்சி சாம்பல் பூத்தாப்புல கீது" என்றார்.

பரீதா கைக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். தனம் அக்கா சொன்னது அப்படியே உண்மை.

பார்லர்களுக்கு எங்கள் சரக்கை விற்றுத் தரும் ஏஜென்ட், "இதெல்லாம் யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க மேடம்" என்றார். "பூக்காரம்மா கண்டுபிடிச்சிட்டாங்களே சார்" என்றாள். அன்றைக்கே என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு பார்லராகப் போய், "தப்பா செஞ்சிட்டோம், குடுத்துடுங்க" என்று கேட்டு டப்பாக்களைத் திரும்ப வாங்கினாள். நான் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டே போனேன். ஒரு சிக்னலில் திரும்பி, "எதுக்குடி அழற? நீயும் நானும் இத்தனை வருஷம் லைட்டுலயே வாழ்ந்துட்டோம். வெயில் எப்படியிருக்கும்னே மறந்துபோச்சு" என்றாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. ஆனால் எந்த பேட்ச் வந்தாலும், அதைப் பூசிக்கொண்டு பதினோரு மணிக்குத் தனம் அக்கா முன்னால் போய் நிற்பாள். அவர் ஒன்றும் கேட்காவிட்டால்தான் சரக்கு கிளம்பும். எங்கள் லேப் ரிப்போர்ட் அவ்வளவுதான். நான் அதன் பிறகு எதற்கும் "ஓகே" சொல்லவில்லை. அவள் இருக்கும்போது எனக்கு எதற்கு அந்த வம்பு என்று இருந்துவிட்டேன்.

அவளை அடக்கம் செய்த நாலாம் நாள் யூனிட்டைத் திறந்தோம். அவள் கேட்ட பேட்ச் அப்படியே இருந்தது. அங்கே வேலை செய்யும் பெண்கள் எல்லாரும், "உஷாக்கா, நீங்க பாத்து சொன்னா போதும்" என்றார்கள். மறுபடியும் சாம்பலாகி, அவள் பெயர் போட்ட டப்பாவை யாராவது பார்லரில் தூக்கி எறிந்தால் நான் எந்த முகத்தோடு இருப்பேன்? ஆயிஷா அவள் அம்மாவின் கைக்கண்ணாடியை என் கையில் வைத்தாள்.

அந்த பேட்சை முகத்தில் பூசிக்கொண்டு தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போனேன். பதினோரு மணி. தனம் அக்காவுக்கு விஷயம் தெரிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டிருந்த பூவைக் கீழே வைத்தார். நான் வெயிலில் நகர்ந்து நின்று, "மூஞ்சி எப்படிக்கா இருக்கு?" என்றேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"அழுதுகினு வந்துக்கிறது தெரியுது. வேற இன்னா தெரியணும்?" என்றார்.

கைக்கண்ணாடி என் பையிலேயே இருந்தது. அங்கே நின்றபடியே யூனிட்டுக்குப் போன் செய்து, இத்தனை வருஷம் கழித்து அந்த வார்த்தையைச் சொன்னேன்.

"ஓகே. அனுப்புங்க."