எண்ணெய் மினுங்கிய ஒன்பது தலைகள்

1. வழுக்கல்

செஞ்சி முகாமின் முதல் நாள், காலை பத்து மணிக்கே தோற்றுப்போனேன். மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. மெஷின் தயார். தலையில் ஒட்டவேண்டிய எலக்ட்ரோடுகள் தயார். பேஸ்ட், யூ.பி.எஸ். எல்லாம் தயார். ஆய்வுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒன்பது ஆண்களின் தலையும் நல்லெண்ணெயில் மினுங்கியது. எலக்ட்ரோடை உச்சியில் ஒட்டினால் காதுப்பக்கம் இறங்கி வந்தது.

“எண்ணெய் தேய்க்காம வரச்சொல்லி சீட்டு குடுத்தோமே?” என்றேன்.

முதல் ஆளான கனகராசுவின் மனைவி செல்வி எழுந்து நின்றாள்.

“இன்னா சார் பேசுறீங்க? இன்னிக்கி சனிக்கிழம. டாக்டரு தலையத் தொடப்போறாரு. காஞ்ச தலையோடயா அனுப்புவேன்? ஊரு என்னத்தான் பேசும்.”

எட்டுத் தலைகள் அவளுக்கு ஆமாம் போட்டன.

மூளையின் எந்த மடிப்பில் எது நடக்கும் என்று அரங்கம் அரங்கமாகப் பேசியவன் நான். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்பதைக் காலண்டரில் பார்க்கத் தெரியவில்லை. டெக்னீஷியன் மீனா பெட்டிக்கடைக்கு ஓடி ஷாம்பு பாக்கெட் வாங்கிவந்தாள். குழாயடியில் ஒன்பது பேரும் சிரித்துக்கொண்டே இரண்டாவது முறை குளித்தார்கள்.

2. கனகராசுவின் கேள்வி

எலக்ட்ரோடு ஒட்டும்போது கனகராசு மெல்லக் கேட்டார். “சார், நான் குடிக்கலன்னு இந்த மிசின் சொல்லுமா?”

பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து வெட்டும் வேலை அவருக்கு. அளந்துகொண்டே இருப்பவர் திடீரென்று நின்றுவிடுவாராம். ஒரு நிமிடம் வெறித்த பார்வை, வாய் எதையோ மெல்லும், பிறகு எல்லாம் பழையபடி. அவருக்கு எதுவும் நினைவிருக்காது.

“போதைன்றாரு மொதலாளி. இன்னொரு வாட்டி இப்பிடி நின்னா ஊட்டுக்குப் போயிடுன்னுட்டாரு. நான் பீடிகூடப் புடிக்கிறதில்ல சார்.”

எங்கள் ஆய்வு கவனத்தைப் பற்றியது. சிவப்பு லைட் எரிந்தால் பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அதைச் சொன்னேன். அவர் முகம் வாடியது.

3. தூக்கம்

எண்ணெய்க் குளியல், ஃபேன் காற்று, மங்கலான அறை. ஐந்தே நிமிடத்தில் கனகராசு குறட்டை விட்டார். சிவப்பு லைட் தன்பாட்டுக்கு எரிந்து அணைந்தது.

தூங்கியவரின் பதிவை நீக்கிவிட வேண்டும் என்பது நாங்களே எழுதிய விதி. என் விரல் கீபோர்டுக்குப் போனது.

“சார், இருங்க,” என்றாள் மீனா. “இங்க பாருங்க.”

திரையில் அலைகள் நீண்டு, பக்கத்துச் சிங்கவரத்து வயலில் காற்று நடப்பதுபோல் சாய்ந்து சாய்ந்து போயின. நடுவே, இடது நெற்றிப்பொட்டுப் பக்கம் மட்டும் முள்போல் ஒரு கூர் அலை. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. விழித்திருந்த நேரப் பதிவில் அது இல்லவே இல்லை. விழிப்பில் ஒளிந்திருப்பது தூக்கத்தில் தலைகாட்டும் என்று மாணவர்களுக்கு வருடா வருடம் பாடம் எடுப்பவன், அதைத்தான் அழிக்கப் பார்த்தேன்.

நரம்பியல் டாக்டரிடம் அனுப்பினோம். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் அதே இடத்தில் சின்னத் தழும்பு. கீழே விழவைக்காத, ஆளை ஒரு நிமிடம் மட்டும் களவாடுகிற வலிப்பு அது. மாத்திரை தொடங்கினார்கள்.

4. முதலாளி

அடுத்த வாரம் கனகராசுவே முதலாளியைக் கூட்டிவந்தார். “நீங்களே சொல்லுங்க சார். நான் சொன்னா நம்ப மாட்டாரு.”

முதலாளி எம்.ஆர்.ஐ. ஃபிலிமை வாங்கி, சேலையின் இழை பார்ப்பதுபோல் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

“இந்த வெள்ளையா?”

“ஆமாங்க. அங்கேர்ந்துதான் கெளம்புது. அந்த ஒரு நிமிசம் நீங்க கூப்பிட்டாலும் அவருக்கு எட்டாது.”

ஃபிலிமை இறக்கிவிட்டுக் கனகராசுவைப் பார்த்தார். “அப்ப இவன் என்னை மொறைக்கலியா?”

“இல்லீங்க.”

“ரெண்டு வருசமா மொறைக்கிறான்னே நெனச்சிட்டு இருந்தேன் சார். நானும் பதிலுக்கு மொறைச்சேனே!”

முதலில் சிரித்தது கனகராசுதான். “அது எனக்குத் தெரியவே தெரியாது மொதலாளி.”

“வந்தா இன்னா பண்ணணும்? சாவிக்கொத்த கையில குடுக்கணுமா?”

“வேணாங்க. ஏணியில ஏத்தாதீங்க. பக்கத்துல நில்லுங்க, அது போதும்.”

5. கடையில்

சில மாதங்கள் கழித்துச் சட்டைத்துணி வாங்கப் போனேன். மாத்திரை நன்றாகவே வேலை செய்கிறது, எப்போதாவதுதான் வருகிறது என்றார்கள். அந்த எப்போதாவது, நான் நிற்கும்போதே வந்தது. ஒரு அம்மாவுக்குத் துணி அளந்துகொண்டிருந்த கனகராசு நின்றார்.

“இன்னாப்பா, நின்னுக்கினே தூங்குறியா?” என்றார் அந்த அம்மா.

முதலாளி கல்லாவிலிருந்து இறங்கி வந்தார். அளவு நின்ற இடத்தில் தன் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டார். “கொஞ்சம் இரும்மா. வந்துடுவான்.”

மூளையைப் படம் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். பக்கத்தில் நிற்கிறவருக்கு அந்தப் படம் புரியும்வரை அது பாதி வேலைதான்.

கனகராசு கண் சிமிட்டினார். துணியைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். “எங்க வுட்டேன் மொதலாளி?”

“இங்கதான்டா,” என்று விரலை எடுத்தார் அவர். “மேல அள.”